பேயா, பிழையா? பழைய திகில் க்ளிக் கேம்கள் மக்கர் செய்தால்

மற்ற கேம்களில் திரை இருண்டால் ஏதோ கோளாறு என்று உடனே தெரிந்துவிடும். திகில் கேமில் அந்த வசதி கிடையாது. திரை கறுத்து, எங்கிருந்தோ ஒரு பெண் விசும்பும் சத்தம் மட்டும் கேட்டால், கிராஃபிக்ஸ் டிரைவர் படுத்துவிட்டதா, இல்லை அடுத்த கட்டத்தில் யாராவது கதவைத் திறக்கப் போகிறார்களா என்று சொல்ல முடியாது. அதனால் இந்த வகை கேம்களைச் சரிசெய்ய உட்காரும்போது முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: இது பிழையா, வேண்டுமென்றே வைத்ததா? கீழே உள்ள புகார்களில் பாதிக்கு மேல் உண்மையான கோளாறு. மீதி, கேம் செய்தவர்கள் அப்படித்தான் செய்தார்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல கேமைத் தூக்கிப் போட்டவர்கள் நிறையப் பேர்.

இங்கே பேசப்போவது மவுஸால் சுட்டி, க்ளிக் செய்து நகர்த்தும் சாகச கேம்களைப் பற்றி. பெரும்பாலும் 1990 முதல் 1998 வரை வந்தவை: த செவன்த் கெஸ்ட், ஃபேன்டாஸ்மகோரியா, டார்க் சீட், ஷிவர்ஸ், ஐ ஹேவ் நோ மவுத் அண்ட் ஐ மஸ்ட் ஸ்க்ரீம், சானிடேரியம், எல்விரா, வேக்ஸ்வர்க்ஸ். இவற்றை இன்றைய கம்ப்யூட்டரில் ஓட்ட இரண்டு இலவச மென்பொருள்கள் போதும். ஒன்று ஸ்கம்விஎம். கேமின் படம், ஒலி, கதைத் தரவை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை ஓட்டும் எஞ்சினை தானே புதிதாக எழுதி வைத்திருக்கிறது. இன்னொன்று டாஸ்பாக்ஸ். இது விண்டோஸுக்கு முந்தைய டாஸில் ஓடும் ஒரு பழைய கம்ப்யூட்டரையே உங்கள் கம்ப்யூட்டருக்குள் பாவனை செய்து காட்டும். ஸ்கம்விஎம் ஆதரிக்கும் கேம் என்றால் யோசிக்காமல் அதையே எடுங்கள். டாஸ்பாக்ஸ் இரண்டாவது வழி. நேராக விண்டோஸில் ஓட்டிப் பார்ப்பது கடைசி வழி. கீழே வரும் தொல்லைகளில் முக்கால்வாசி, இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்தவர்களுக்கு வருவதுதான்.

"சிடியைப் போட்டால் இன்ஸ்டாலே ஆக மாட்டேன் என்கிறது"

இந்தச் செயலியை உங்கள் கணினியில் இயக்க முடியாது என்று விண்டோஸ் முகத்தில் அடித்தாற்போல் சொன்னால், காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: அந்த இன்ஸ்டாலர் 16-பிட், அதாவது பழைய தலைமுறைக் கம்ப்யூட்டருக்கு எழுதியது. 64-பிட் விண்டோஸில் 16-பிட் நிரல்களை ஓட்டும் பகுதியே இல்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. விண்டோஸ் 95 காலத்துக் கேம்கள் பல 32-பிட்டாக இருக்கும். அவற்றை இன்ஸ்டால் செய்யும் நிரல் மட்டும் 16-பிட்டாக இருக்கும். கேம் ஓடத் தயார், வாசற்கதவுதான் திறக்காது. அப்படிப்பட்ட கேமுக்கு இன்ஸ்டாலரை மறந்துவிட்டு, சிடியில் உள்ள ஃபைல்களை அப்படியே ஒரு ஃபோல்டரில் காப்பி செய்து, அந்த ஃபோல்டரை ஸ்கம்விஎம்மிடம் காட்டினால் பெரும்பாலும் வேலை முடிந்தது. கேமே 16-பிட் என்றால் ஓடிவிடிஎம் என்ற சின்னக் கருவி இருக்கிறது. 64-பிட் விண்டோஸிலும் 16-பிட் நிரலை ஓட்டிக் காட்டும். அதுவும் சரிவரவில்லை என்றால் டாஸ்பாக்ஸுக்குள் விண்டோஸ் 3.1 போட்டு ஓட்டுகிறவர்களும் உண்டு.

2000-க்குப் பிறகு வந்த டிஸ்க்குகளில் வேறு தொல்லை. இன்ஸ்டால் ஆகும், ஐகான் வரும், க்ளிக் செய்தால் ஒன்றுமே நடக்காது. சேஃப்டிஸ்க் என்ற திருட்டுத் தடுப்பு அதில் இருக்கலாம். அதற்குத் தேவையான டிரைவரை மைக்ரோசாஃப்ட் 2015-இல் விண்டோஸ் 10-இலிருந்து எடுத்துவிட்டது. அதில் பாதுகாப்பு ஓட்டை இருந்ததுதான் காரணம். அதைத் திரும்பக் கொண்டுவர இணையத்தில் கிடைக்கும் குறுக்குவழிகளைத் தொடாதீர்கள். அதே கேம் ஜிஓஜி, ஸ்டீம் போன்ற இணையக் கடைகளில் இருக்கிறதா என்று பாருங்கள். தள்ளுபடி நேரத்தில் ஒரு பிரியாணி விலைகூட இருக்காது.

"ஸ்கம்விஎம் கேமைக் கண்டுபிடிக்கவில்லை"

ஃபோல்டரைக் காட்டியும் எந்த கேமும் இல்லை என்று சொன்னால் மூன்றைப் பாருங்கள். ஒன்று, ஒரு படி மேலே உள்ள ஃபோல்டரைக் காட்டியிருப்பீர்கள். ஃபைல்கள் நேரடியாகக் கிடக்கும் ஃபோல்டரைத்தான் காட்ட வேண்டும். இரண்டு, உங்கள் ஸ்கம்விஎம் பழசு. சியரா நிறுவனத்தின் பிற்கால கேம்கள், அதாவது ஃபேன்டாஸ்மகோரியா, ஷிவர்ஸ், த பீஸ்ட் விதின் எல்லாம் 2017 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பில்தான் சேர்ந்தன. மூன்றாவதுதான் அதிகம் நடப்பது: ஃபைல் குறைகிறது.

ஃபேன்டாஸ்மகோரியாவை எடுத்துக்கொள்வோம். 1995-இல் ராபர்ட்டா வில்லியம்ஸ் எழுதி சியரா வெளியிட்ட இந்த கேம் ஏழு சிடிகளில் வந்தது. கதையும் ஏழு பகுதி. நடிகர்களை வைத்து எடுத்த வீடியோதான் இடத்தை அடைத்துக்கொண்டது. ஒவ்வொரு சிடியிலும் ரெஸ்மேப் என்று ஒரு ஃபைல், ரெஸ்எஸ்சிஐ என்று ஒரு ஃபைல் இருக்கும். பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் அந்த சிடியின் எண்: முதல் சிடியில் 001, ஏழாவதில் 007. ஏழு ஜோடியும் ஒரே ஃபோல்டரில் சேர வேண்டும். ஆறு ஜோடி மட்டும் இருந்தாலும் சில நேரம் கேம் தொடங்கிவிடும். இரவு பதினோரு மணிக்கு, மாளிகையின் மாடிப்படியில் நிற்கும்போது சட்டென்று வெளியே தள்ளும். பேய் என்று நினைப்பீர்கள். நான்காவது சிடியைக் காப்பி செய்ய மறந்ததுதான் விஷயம்.

காப்பி செய்யும்போது இன்னொரு கண்ணி. இரண்டு சிடிகளில் ஒரே பெயரில் ஃபைல் இருந்தால், பழையதை அழித்துவிட்டுப் புதியதை வைக்கவா என்று விண்டோஸ் கேட்கும். பழக்கத்தில் ஆமாம் என்று தட்டிவிடாதீர்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது வேறாக இருக்கலாம். பல சிடி கேம்களுக்கு எந்த ஃபைலை எந்தப் பெயருக்கு மாற்றிச் சேர்க்க வேண்டும் என்று ஸ்கம்விஎம் விக்கியில் கேம்வாரியாக எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டே காப்பி செய்யுங்கள். டிஜிட்டலாக வாங்கியவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. ஜிஓஜி டாஸ்பாக்ஸோடு கட்டிக் கொடுத்திருந்தாலும், அந்த ஃபோல்டரையே ஸ்கம்விஎம்மிடம் காட்டிப் பார்க்கலாம்.

அறியாத வகை என்று ஸ்கம்விஎம் ஒரு எச்சரிக்கை காட்டி, கூடவே கேமின் பெயரையும் சொன்னால் பயப்பட வேண்டாம். உங்களிடம் இருப்பது அவர்கள் பட்டியலில் ஏறாத ஏதோ ஒரு நாட்டுப் பதிப்பு. சேர்த்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

"அடுத்த டிஸ்க்கைப் போடு என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது"

டாஸ்பாக்ஸில் ஒரு சிடி இமேஜை (சிடியை அப்படியே நகலெடுத்த ஃபைல்) மட்டும் மவுன்ட் செய்திருப்பீர்கள், அதாவது சிடி போட்டதுபோல் இணைத்திருப்பீர்கள். ஐஎம்ஜிமவுன்ட் கட்டளையில் எல்லா இமேஜ்களின் பெயரையும் வரிசையாக ஒரே வரியில் கொடுங்கள். கேம் அடுத்த டிஸ்க்கைக் கேட்கும்போது கன்ட்ரோல், எஃப்4 இரண்டையும் சேர்த்து அழுத்தினால் அடுத்த இமேஜுக்கு மாறும். ஏழு டிஸ்க் என்றால் ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி முதலுக்கு வந்துவிடும். அவசரத்தில் இரண்டு முறை தட்டினால் தாண்டிப் போய்விடும் என்பதால் ஒவ்வொரு தட்டலுக்கும் நடுவில் கொஞ்சம் பொறுங்கள்.

அசல் சிடியைப் போட்டே ஓட்டுகிறவர்கள் முதல் வேலையாக இமேஜ் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. முப்பது வருடத்துக் கீறலோடு அந்த சிடி இன்னும் எத்தனை நாள் வரும்?

"சத்தமே இல்லை" / "இசை கர்ணகடூரமாக இருக்கிறது"

திகில் கேமில் ஒலி போனால் பாதி கேம் போச்சு. பேச்சு மட்டும் இல்லையா, இசை மட்டும் இல்லையா, இரண்டுமே இல்லையா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். பழைய கேம்களில் இவை இரண்டும் வேறு வேறு வழியில் வருகின்றன.

பேச்சும் சத்தங்களும் இல்லை என்றால், டாஸ்பாக்ஸில் கேமின் செட்டப் நிரலைத் திறந்து சவுண்ட் பிளாஸ்டர் 16 என்று தேர்ந்தெடுங்கள். முகவரி 220, ஐஆர்க்யூ 7, டிஎம்ஏ 1. டாஸ்பாக்ஸ் தரும் இயல்பான எண்கள் இவை. பல கேம்கள் ஐஆர்க்யூ 5 என்று தாங்களாகவே வைத்துக்கொள்ளும். அந்த ஒரு எண்ணுக்காக மணிக்கணக்கில் மண்டையைப் பிய்த்துக்கொண்டவர்கள் உண்டு. சியரா கேம்கள் உங்கள் ஒலிச் சாதனத்தைத் தொடங்க முடியவில்லை என்று சொல்லி வெளியேறினாலும் இந்த எண்களைத்தான் முதலில் பாருங்கள்.

இசை வருகிறது, ஆனால் வயலின் வரவேண்டிய இடத்தில் ஹெலிகாப்டர் சத்தம், முரசுக்குப் பதில் பியானோ என்றால், அது ரோலண்ட் எம்டி-32 என்ற கருவிக்காக எழுதிய இசை. அதை ஜெனரல் மிடி என்ற பொதுவான வாத்திய வரிசையில் வாசித்தால் வாத்தியங்களின் எண் பொருந்தாமல் இப்படித்தான் வரும். அமைப்பில் ஒலிச் சாதனத்தை ஆட்லிப் என்ற பழைய ஒலி அட்டைக்கு மாற்றினால் எளிமையாக, ஆனால் சரியாக வரும். எம்டி-32 பாவனையை இயக்க அந்தக் கருவிக்குள் இருந்த நிரலின் நகலான ரோம் ஃபைல்கள் வேண்டும்.

செவன்த் கெஸ்டுக்குத் தனியாக ஒரு சொல். ஜார்ஜ் சாங்கர் அமைத்த இசை இது. இரண்டு சிடியில் வந்த கேமின் இரண்டாவது சிடியைச் சாதாரண ஆடியோ சிடி பிளேயரிலேயே போட்டுக் கேட்கலாம். அதில் பாட்டுகள் உண்டு. கேமுக்குள் ஓடுவது மிடி, அதாவது பதிவு செய்த ஒலி இல்லை, கம்ப்யூட்டரே வாசிக்கும் இசைக்குறிப்பு. விண்டோஸின் இயல்பான மிடியில் அது ஒரு பொம்மை ஆர்கன் மாதிரி ஒலிக்கும். ஸ்கம்விஎம் அமைப்பில் ஃப்ளூயிட்சிந்த் என்ற மிடி வாசிப்பானைத் தேர்ந்து, வாத்திய ஒலிகள் அடங்கிய நல்ல சவுண்ட்ஃபான்ட் ஃபைல் ஒன்றை இணைத்துவிட்டு, அந்த மாளிகையின் முன்கூடத்தில் ஒரு நிமிடம் ஒன்றும் செய்யாமல் நின்று கேளுங்கள். இந்த ஒரு மாற்றத்துக்கு மட்டும் அரை மணி நேரம் செலவழிக்கலாம், தப்பே இல்லை.

ஒலி விட்டுவிட்டு, கரகரவென்று வந்தால் கம்ப்யூட்டர் திணறுகிறது என்று அர்த்தம். டாஸ்பாக்ஸின் வேகத்தைக் குறையுங்கள். கூட்டுவது நோயைக் கூட்டும்.

"படம் சரியில்லை"

ஃபேன்டாஸ்மகோரியா வீடியோவில் ஒரு வரி விட்டு ஒரு வரி கறுப்பாக இருக்கிறதா? அன்றைய கம்ப்யூட்டருக்குச் சுமை குறைய இந்தக் கறுப்பு வரிகள். ஸ்கம்விஎம்மில் அந்த கேமின் அமைப்புக்குள் போனால் கறுப்பு வரி வீடியோ என்ற தேர்வு இருக்கும், எடுத்துவிடலாம். பக்கத்திலேயே உயர்தர வீடியோ அளவு மாற்றம் என்று ஒன்று உண்டு, அதையும் போட்டுப் பார்த்து உங்கள் கண்ணுக்கு எது பிடிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வரியோடு பார்ப்பதுதான் பிடிக்கும். கூர்மையாகத் தெரியும், கூடவே செட்டின் போலித்தனமும் மறையும்.

அதே கேமில் கொடூரமான கட்டங்கள் மட்டும் மறைந்தோ மங்கியோ போனால் அது கோளாறு இல்லை. கடவுச்சொல்லோடு கூடிய தணிக்கை வசதியை அந்த கேமிலேயே வைத்திருந்தார்கள். ஆஸ்திரேலியாவில் வகைப்படுத்த மறுக்கப்பட்டு விற்பனைக்கே வராத கேம் இது. அந்தக் காலத்து எதிர்ப்பை எண்ணிப் பார்த்தால் அந்தப் பூட்டு ஏன் வந்தது என்று புரியும். பழைய சேவோடு கேமை இரவல் வாங்கியிருந்தால், முன்னால் ஆடியவர் பூட்டி வைத்திருக்கலாம். புதிதாகத் தொடங்குவதே எளிது.

செவன்த் கெஸ்டில் மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை வருவதும் அப்படியே. அதன் படம் 640-க்கு 320 என்ற அளவில் செய்தது. இழுத்து நிரப்பினால், கதை நடக்கும் ஸ்டாஃப் என்பவனின் மாளிகையில் எல்லோரும் ஒட்டடைக்குச்சி ஆகிவிடுவார்கள்.

எல்விரா, வேக்ஸ்வர்க்ஸ் போன்ற 320-க்கு 200 கேம்களில் இதற்கு நேர் எதிர்: எல்லோரும் குட்டையாக, குண்டாக, முழுநிலா முட்டை வடிவில். அன்றைய மானிட்டர் அந்தப் படத்தை உயரவாக்கில் இழுத்துக் காட்டியது. ஸ்கம்விஎம்மில் விகிதத் திருத்தம் என்ற தேர்வைப் போடுங்கள், போதும். டார்க் சீடில் நிறங்கள் குறைவாக இருப்பதும் பழுது அல்ல. ஹெச். ஆர். கைகரின் ஓவியங்களை வைத்து 1992-இல் செய்த கேம். அந்த நுணுக்கம் தெரிய உயர்ந்த தெளிவு வேண்டும் என்பதால் 640-க்கு 350 என்று வைத்தார்கள், அதற்கு விலையாக 16 நிறங்களோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்தப் பாசிபிடித்த நீலமும் சாம்பலும்தான் இன்றுவரை அதன் அழகு.

"திரை கறுப்பு" / "நிறம் சிதறுகிறது" / "மவுஸ் ஒரு இடம், அம்பு ஒரு இடம்"

விண்டோஸ் காலத்துக் கேம்களை நேரடியாக ஓட்டினால் வரும் மூன்று புகார்கள் இவை. 256 நிறக் கேம்களில் வானம் ஊதாவாக, முகம் பச்சையாக வந்தால், ஃபைலின் மீது வலது க்ளிக் செய்து பண்புகள், இணக்கம் என்று போய், 8-பிட் நிறத்தைத் தேர்ந்தெடுங்கள். திரை முழுக்கக் கறுத்து சத்தம் மட்டும் வந்தால் டைரக்ட்டிரா என்ற பழைய படம் வரையும் முறையை இன்றைய டிரைவர் மதிக்கவில்லை. டிஜிவூடு2 மாதிரியான மாற்றுக் கருவியின் ஃபைலை கேம் ஃபோல்டருக்குள் போட்டால் பெரும்பாலும் சரியாகும். லேப்டாப்பில் மவுஸ் அம்பு தள்ளி நின்றால் அதே இணக்கப் பக்கத்தில் உயர் டிபிஐ அமைப்பை மாற்றி, கட்டுப்பாட்டைச் செயலியிடமே விடுங்கள்.

தனியாட்கள் செய்த இலவச திகில் கேம்களில், 2003-இல் வந்த 5 டேஸ் எ ஸ்ட்ரேஞ்சர் போன்றவற்றில், கறுப்புத் திரைக்கு வேறு மருந்து. அவை ஏஜிஎஸ் என்ற கருவியில் செய்தவை. கேமோடு வரும் வின்செட்டப் நிரலைத் திறந்து வரைகலை டிரைவரை டைரக்ட்3டி9 என்று மாற்றுங்கள். இல்லையென்றால் இதற்கும் ஸ்கம்விஎம்தான். 2021-இல் வந்த 2.5 பதிப்பிலிருந்து ஏஜிஎஸ் கேம்களையும் அது ஓட்டுகிறது.

டாஸ்பாக்ஸ் ஜன்னலுக்குள் மவுஸ் மாட்டிக்கொண்டால் கன்ட்ரோல், எஃப்10.

"எல்லாம் தலைதெறிக்க ஓடுகிறது" / "ஆமை வேகம்"

டாஸ்பாக்ஸில் கன்ட்ரோல், எஃப்11 வேகத்தைக் குறைக்கும். கன்ட்ரோல், எஃப்12 கூட்டும். 1992 வாக்கில் வந்த கேமுக்கு 6000 சைக்கிளில் (டாஸ்பாக்ஸ் வேகத்தை அளக்கும் கணக்கு) தொடங்குங்கள். 1995-இன் வீடியோ கேமுக்கு 25,000-இலிருந்து மேலே போங்கள். தானியங்கி என்று விட்டால் சில கேம்கள் வீடியோவில் சரியாகவும், நடக்கும்போது கண்மண் தெரியாமலும் ஓடும். ஃபேன்டாஸ்மகோரியாவின் ஏழாவது பகுதியில் துரத்தும் கட்டத்தில் இது உயிர்ப் பிரச்சினை. சரியான இடத்தை க்ளிக் செய்யச் சில நொடிகள்தான் தருவார்கள்; வேகம் கலைந்திருந்தால் அந்தச் சில நொடியும் இருக்காது. அந்தக் கட்டத்தில் திரும்பத் திரும்பச் சாவதே பிழை என்று நினைத்துவிட வேண்டாம், சாகடிக்கத்தான் வைத்திருக்கிறார்கள். க்ளிக் செய்தும் கதாநாயகி ஏட்ரியன் அசையாமல் நின்றால் மட்டும் சந்தேகப்படுங்கள்.

ஆள் மெதுவாக நடப்பதும் எப்போதும் கோளாறு அல்ல. ஜப்பானில் 1995-இல் வந்த க்ளாக் டவர், டிவியில் இணைத்து ஆடும் சூப்பர் ஃபாமிகாம் கருவிக்குச் செய்தது என்றாலும், அம்பை நகர்த்தி ஆடும் இதே இனம். அதில் ஜெனிஃபர் ஓட ஓடக் களைப்பாள். மூலையில் உள்ள அவள் முகத்தின் பின்னணி நிறம் சிவப்பை நோக்கி மாறினால் உட்கார வைத்து மூச்சு வாங்கவிட வேண்டும். கத்தரிக்கோல்காரன் பின்னால் வரும்போது உட்காருவது எப்படி என்று கேட்காதீர்கள், அதுதான் கேம்.

"க்ளிக் செய்தால் நடக்க மாட்டேன் என்கிறான்"

சானிடேரியம் (1998) ஆடத் தொடங்குகிற எல்லோரும் கேட்பது இது. தலையெல்லாம் கட்டுப் போட்ட மேக்ஸை நகர்த்த வலது பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இடது க்ளிக் பொருள்களைத் தொடுவதற்கு. விளக்கப் புத்தகம் இல்லாமல் டிஜிட்டலாக வாங்குகிறவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை. ஃபோனில் ஸ்கம்விஎம் ஆடுகிறவர்களுக்கு வலது க்ளிக் என்பது இரண்டு விரலால் தட்டுவது. சின்னப் பொருள்களைத் தொட முடியவில்லை என்றால் டச்பேட் முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் சானிடேரியத்தை ஃபோனில் ஆட வேண்டாம் என்பது என் கருத்து. அழுத்திப் பிடித்து நடப்பது விரலுக்கு ஆகாது.

"கேம் ஓடுகிறது, கதை நகரவில்லை"

இதுதான் பெரிய அத்தியாயம். எந்தத் தொழில்நுட்பக் கோளாறும் இல்லை, ஆனால் மாட்டிக்கொண்டீர்கள். ஒவ்வொரு கேமும் ஒவ்வொரு விதமாக மாட்டும்.

டார்க் சீட் மிகக் கொடுமையானது. கதை மூன்று நாள். கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். மைக் டாசன் முதல் நாள் காலை கெட்ட கனவிலிருந்து தலைவலியோடு எழுகிறான். நீங்கள் அவனை ஆஸ்பிரின் எடுக்க வைத்து, குளிக்க அனுப்பி, வீட்டை ஒவ்வோர் அறையாகப் பார்க்கிறீர்கள். அதற்குள் ஊரில் ஏதோ ஒன்று நடந்து முடிந்திருக்கும். குறிப்பிட்ட நேரத்தில் குறிப்பிட்ட இடத்தில் இல்லையென்றால் ஒரு பொருள் கைக்கு வராது. அந்தப் பொருள் இல்லாமல் மூன்றாம் நாள் முடியாது. ஆனால் கேம் உங்களிடம் அதைச் சொல்லவே சொல்லாது. ஊர் முழுக்க அலைந்து, எல்லாவற்றையும் எல்லாவற்றின் மேலும் தேய்த்துப் பார்த்துவிட்டீர்களா? அப்படியென்றால் உங்கள் சேவ் செத்துவிட்டது. பழைய சேவுக்குத் திரும்புவது தவிர வழியில்லை. இந்த ஒரு கேமுக்கு மட்டும் வாக்த்ரூவை, அதாவது படிப்படியாக விடை சொல்லும் வழிகாட்டியை, முதலிலிருந்தே பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடச் சொல்வேன். புதிரைத் தானே விடுவிக்கும் மகிழ்ச்சி இதில் கிடையாது. கைகரின் அந்த மறுபக்க உலகத்தைப் பார்க்கத்தான் போகிறோம்.

ஷிவர்ஸில் புகார் வேறு மாதிரி: வாக்த்ரூவில் சொன்ன இடத்தில் ஜாடி இல்லை. இருக்காது. இக்ஸுபி எனும் பத்து ஆவிகளை அடைக்கும் ஜாடிகளையும் அவற்றின் மூடிகளையும் ஒவ்வொரு புது ஆட்டத்திலும் அருங்காட்சியகம் முழுக்க வேறு வேறு இடத்தில் கலைத்துப் போடுகிறது கேம். கூடவே, ஒரு நேரத்தில் ஒரு பொருளைத்தான் சுமக்க முடியும். கையில் இருந்தது காணாமல் போகவில்லை, புதியதை எடுத்த இடத்தில் பழையதை வைத்துவிட்டீர்கள். ஒரு தாளும் பேனாவும் எடுத்து எந்த அறையில் எதை விட்டோம் என்று எழுதிக்கொள்வதைத் தவிர இதற்கு மருந்து இல்லை. புதிர்களின் விடை மட்டும் மாறாது. வாக்த்ரூவை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஐ ஹேவ் நோ மவுத்தில் ஐந்து பேரின் படங்கள் வரவேண்டும்: காரிஸ்டர், பென்னி, எலன், நிம்டாக், டெட். நால்வர்தான் தெரிகிறார்கள் என்றால் உங்களிடம் இருப்பது ஜெர்மன் அல்லது பிரெஞ்சு வெளியீடு. நாஜி முகாமில் நடக்கும் நிம்டாக்கின் பகுதியை அவற்றில் வெட்டிவிட்டார்கள். எந்த அமைப்பை மாற்றினாலும் அவர் வரமாட்டார். ஆங்கிலப் பதிப்பை வாங்குங்கள். ஏஎம் என்ற அந்தக் கொடூரக் கம்ப்யூட்டருக்கு மூலக்கதை எழுதிய ஹார்லன் எலிசனே குரல் கொடுத்திருப்பதால் ஆங்கிலத்தில் கேட்பதுதான் முறையும்கூட. இன்னொன்று: கீழே உள்ள முகத்தின் பின்னணி நிறம் இருண்டும் வெளுத்தும் மாறுவது திரைக் கோளாறு இல்லை. அந்த ஆள் செய்யும் நல்லது கெட்டதின் அளவுகோல் அது. கறுத்துக்கொண்டே போனால் கடைசியில் நல்ல முடிவு கைக்கு எட்டாது.

செவன்த் கெஸ்டில் மாட்டுவது புதிரில். கேக்கை ஆறாக வெட்டச் சொல்லும் முதல் புதிர் பரவாயில்லை. ஒவ்வொரு துண்டிலும் இரண்டு மண்டையோடு, இரண்டு கல்லறைக்கல், ஒரு வெறும் சதுரம் வர வேண்டும் என்று பிடித்துக்கொண்டால் பென்சில் தாளில் முடித்துவிடலாம். சமையலறைப் பக்கத்து டப்பாக்கள்தான் நம்மில் பலரைக் கவிழ்த்தவை. டப்பாக்களில் உள்ள எழுத்துகளை மாற்றி ஒரு ஆங்கில வாக்கியம் அமைக்க வேண்டும். உயிரெழுத்து என்று ஒன்றுகூட இருக்காது, எல்லா இடத்திலும் ஒய் மட்டும்தான். எழுத்து ஏதோ விழுந்துவிட்டது, ஃபைல் கெட்டுவிட்டது என்று மறுபடி இன்ஸ்டால் செய்தவர்கள் உண்டு. ஃபைல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் அப்படி ஒய்யை மட்டும் வைத்த அரிதான சொற்களாகத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். விளையாட்டாகப் போட்டுப் பார்த்துவிட்டு நூலகத்துக்குப் போங்கள். அங்குள்ள புத்தகத்தைத் திறந்தால் முதல் இரண்டு முறை குறிப்பு தரும். மூன்றாவது முறை புதிரை அதுவே முடித்துவிடும். கவுரவம் பார்க்க வேண்டாம்.

ஃபேன்டாஸ்மகோரியாவிலும் திரையின் கீழே ஒரு மண்டையோடு இருக்கும். அலங்காரம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். க்ளிக் செய்தால் அடுத்து என்ன செய்யலாம் என்று வாயைத் திறந்து சொல்லும்.

"சேவ் செய்தது காணோம்"

கேமை ப்ரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் போட்டிருந்தால், பழைய கேம் அங்கே எழுத முயலும்போது விண்டோஸ் அதைச் சத்தமில்லாமல் விர்ச்சுவல்ஸ்டோர் என்ற ஒளிந்த ஃபோல்டருக்குத் திருப்பிவிடும். ஆப்டேட்டாவுக்குள் லோக்கல், அதற்குள் விர்ச்சுவல்ஸ்டோர் என்று தேடினால் கிடைக்கும். இனிமேல் சி டிரைவில் கேம்ஸ் என்று தனி ஃபோல்டர் திறந்து அங்கே போடுங்கள்.

டாஸ்பாக்ஸில் செய்த சேவ் ஸ்கம்விஎம்மில் திறக்கும் என்று நம்பாதீர்கள், பெரும்பாலும் திறக்காது. பாதியில் மாறுவதாக இருந்தால் அதுவரை ஆடியது போச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் தொடக்கத்திலேயே எதில் ஓட்டுவது என்று முடிவு செய்யச் சொன்னேன்.

ஸ்கம்விஎம்மில் கேமுக்குள் சேவ் பொத்தான் எங்கே என்று தெரியாவிட்டால் கன்ட்ரோல், எஃப்5 அழுத்தினால் பொது மெனு வரும். பெரும்பாலான கேம்களுக்கு அங்கிருந்தே சேவ் செய்யலாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அது தானாகவும் சேவ் செய்யும். ஆனால் அந்தத் தானியங்கி சேவ் ஒரே இடத்தின் மேல்தான் திரும்பத் திரும்ப எழுதும் என்பதால், டார்க் சீட் மாதிரி கேமில் அது காப்பாற்றாது. நீங்கள் செத்த பாதையில் போன பிறகுள்ள நிலையைத்தான் பத்திரமாக வைத்திருக்கும். ஒவ்வொரு நாளின் காலையிலும் புது எண்ணில், புதுப் பெயரில் கையால் ஒரு சேவ் போடுங்கள். "நாள் 2, குளித்தாச்சு, கடைக்குப் போகவில்லை" என்று எழுதினால் பிறகு தேடும்போது புரியும். வெறும் "1", "2", "புதுசு", "புதுசு2" என்றால் புரியாது.